உள்ளங்கையில் வெளுக்காத குப்பி

பிப்ரவரி 9

அடியே பாகு,

போன் பண்ண வேண்டியதுதானேன்னு நினைப்பே. பண்ணினா பக்கத்துல என் தம்பி குரல் கேட்கும், நான் போனைத் தள்ளி வெச்சுடுவேன், நீ லைன் கட்டாயிடுச்சான்னு கேட்பே. அதனாலதான் கடிதம். அதுவும் லேப் முகவரிக்கு. வீட்டுக்கு அனுப்பினா உன் வீட்டுக்காரன் பிரிச்சுப் படிச்சுடுவான். சின்ன வயசுல இருந்தே என் பேருக்கு வந்த எதையும் அவன் விட்டு வெச்சதில்ல.

புது வேலை பரவாயில்ல. எனக்குன்னு ஒரு பெஞ்ச், ஒரு ஃப்ரீசர். பக்கத்துல உட்கார்ந்து ஜெலட்டினைக் கிண்டிக்கிட்டே ஊர்வம்பு பேச ஆள் இல்ல, அவ்வளவுதான். இங்க யாரும் என்னை ரப்பர்னு கூப்பிடறதில்ல. மேடம்ங்கறாங்க. யாரையோ கூப்பிடறாங்கன்னு திரும்பிப் பார்க்கறேன்.

தம்பி கை எப்படி இருக்கு? மழுப்பாம எழுது.

அவனுக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் அனுப்பின அறிக்கை இன்னும் என் பையிலயே கிடக்கு. "எலாஸ்டின் பகுதி எதிர்பார்த்த நெகிழ்வைத் தரவில்லை." படிச்சுப் படிச்சு மடிப்பே கிழிஞ்சுடுச்சு. ரொட்டிக்கடை அடுப்புல இருந்து தீ சீறி அவன் வலது முழங்கை மடிப்பு வெந்துபோன அன்னிக்கு, கட்டில் பக்கத்துல உட்கார்ந்து அவனுக்குப் பாடம் எடுத்தது யாரு? நான். தோலை இழுத்தா வர்றதுக்கும் விட்டா திரும்பறதுக்கும் எலாஸ்டின்தான்டா காரணம், எரிஞ்சா அது லேசுல திரும்ப வராது, அதைப் பார்த்துக் காப்பி அடிச்சு, அஞ்சே மணியைத் திரும்பத் திரும்பக் கோத்த மாலை மாதிரி நாங்க செய்யறோம், உன் பொண்டாட்டியோட ஜெலட்டினும் கடற்பாசியும் மெத்தை, என்னோடது அதுக்குள்ள ஸ்ப்ரிங், புதுத் தோலுக்கு அடியில வெச்சா கை சுருங்காதுன்னு. அவன் தயங்கினான். மனுஷங்க மேல முதல் தடவைன்னா யாருக்கும் பயம் வரும். சம்மதக் கையெழுத்துப் போட நான்தான் பேனாவைக் கையில குடுத்தேன்.

இப்போ அந்தக் கை பாதியிலயே நிக்குது. என் மாலையே அவன் கையைக் கட்டிப் போட்டுடுச்சு. அவன் முகத்தைப் பார்க்க முடியாமத்தான் இந்த ஊருக்கு ஓடி வந்தேன். உனக்குத் தெரியாததா?

எங்க தப்பு பண்ணினேன்னு தெரியணும். மணிகளை மாத்தி மாத்திக் கோத்துப் பார்க்கறேன், ஒண்ணும் பிடிபடல. ஒவ்வொரு தடவை கலக்கும்போதும் ஒரு குப்பி தனியா எடுத்து வைப்போமே, அவனுக்குப் போட்ட ஜெல்லோட அந்தக் குப்பியை அனுப்பு. அப்போ நான் வெளியூர் மாநாட்டு மேடையில பேசப் போயிட்டேன், அதைக் கையில பிடிச்சுக்கூடப் பார்க்கல. மத்த எல்லாத்தையும் உள்ளங்கையில வெச்சுப் பார்த்துட்டுத்தானே வெளிய விடுவேன். நீ என்ன ஜோசியம் பார்க்கறியான்னு கிண்டல் பண்ணுவே.

உன்
ரப்பர்


பிப்ரவரி 21

ரப்பரு,

ஊருக்கு முன்னாடி அண்ணி, தனியா இருந்தா ரப்பர். இது நம்ம ஒப்பந்தம், எந்த மேடம் வந்தாலும் மாறாது.

கை அப்படியேதான் இருக்கு. நீ மழுப்பாதேன்னு சொன்னதால சொல்றேன், முழுசா நீட்ட வரல. நீளக் கரண்டியை அடுப்புக்குள்ள விட இடது கையைப் பழக்கிட்டு இருக்கார் உன் தம்பி. பாதி ரொட்டி கருகுது. கருகினதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து, உடம்புக்கு நல்லதுன்னு என் தலையில கட்டறார். சட்டை போடும்போது மட்டும் கோபம் வரும். அப்போ நான் அடுக்களைக்குப் போயிடுவேன்.

தோலை மறுபடி திறந்து, சுருங்கினதை விடுவிச்சுப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றார். அதுக்கு மேல எடுக்கத் தொடையில தோல் இல்லையாம். அதனால இதுவே கடைசி.

அறிக்கையைத் தூக்கிப் போடுடி. எத்தனை பேர் எத்தனை ஜெல் செய்து தோத்திருக்காங்க. நீ ஒருத்தி மட்டும் உலகத்துப் பாவத்தை எல்லாம் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு அலையணுமா? உன்மேல அவருக்கு எள்ளளவும் கோபம் இல்ல. அக்கா ஏன் வர்றதே இல்லைன்னு மட்டும் கேட்கறார்.

குப்பியைத் தேடினேன். கிடைக்கல. நடுவுல ஃப்ரீசர் ரெண்டு நாள் பழுதாச்சு, நிறைய தூக்கிப் போட்டோம். அதுலயே போயிருக்கும். அதைப் பார்த்து இப்போ என்ன ஆகப்போகுது?

ஒழுங்கா சாப்பிடு.

பாகு


மார்ச் 3

பாகு,

உன் கடிதத்துல ரொட்டி கருகினது நிஜம்னு தெரியுது. ஃப்ரீசர் பழுதானது எனக்குப் புரியல. அந்த ஃப்ரீசருக்கு லேசா மூச்சு வாங்கினாலே எனக்கு நாலு பேர் சேதி சொல்லுவாங்க, இன்னமும். யாரும் சொல்லல. சரி, நீ தேடின லட்சணம் எனக்குத் தெரியாதா, மூக்கு மேல இருக்கற கண்ணாடியை வீடு முழுக்கத் தேடறவதானே. மூணாவது தட்டுல, இடது ஓரம், உன் கடற்பாசிப் பொட்டலங்களுக்குப் பின்னாடி பாரு.

நீ சமாதானம் சொல்றே. எனக்கு அது வேண்டாம். ராத்திரி படுத்தா அவன் சட்டைக்குள்ள கையை விடத் திணறுறதுதான் கண்ணுல நிக்குது. நீ அடுக்களைக்குப் போயிடறே. நான் ஊரை விட்டே போயிட்டேன். ரெண்டு பேரும் ஓடத்தான் செய்யறோம்.

டாக்டரும் எனக்கு எழுதியிருக்கார். இந்தத் தடவை ஜெல்லுல எலாஸ்டின் சேர்க்கறதா வேண்டாமான்னு கேட்கறார். முடிவை என்கிட்டயே விட்டுட்டார், நல்ல மனுஷன். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். என்ன சொல்லப்போறேன்னு முடிவு பண்ணிட்டேன். வேண்டாம். அவன் கையில மட்டும் இல்ல, யார் உடம்புலயும் வேண்டாம். அதைச் சுரக்கற பாக்டீரியாவைப் பத்து வருஷமா பிள்ளை மாதிரி வளர்த்தேன். எல்லாக் குழாயையும் அழுத்தக் கொதிகலத்துல வெச்சு அவிச்சுட்டு வேற வேலை பார்க்கப் போறேன். கண்ணாடி கழுவலாம், பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக் குடுக்கலாம். சொந்தத் தம்பி கையை முடக்கின பொருளைத் தினம் கிண்டிக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்ல.

அவிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்தக் குப்பியைப் பார்க்கணும். எங்க தோத்தேன்னு தெரியாமத் தோக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு. இதுகூடக் கேட்கக் கூடாதா நான்?

ரப்பர்


மார்ச் 12

ரப்பரு,

கிடைச்சுது. மூணாவது தட்டு, நீ சொன்ன இடம்தான்.

ஐஸ் நிறையப் போட்டு, பெட்டியைச் சுத்தி டேப் ஒட்டி அனுப்பறேன். உருகறதுக்குள்ள வந்து சேரும்.

எதையும் அவிக்காதே. இதைப் பார்க்கற வரைக்கும் டாக்டருக்கு எதுவும் எழுதாதே. பார்த்துட்டு எனக்கு எழுது. எழுதலைன்னாலும் பரவாயில்ல.

பாகு


மார்ச் 15

உன்னை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

பெட்டி மத்தியானம் வந்துச்சு. குப்பியை எடுத்தேன். இறுகிப் போயிருந்துச்சு. குளிர்ல ஜெலட்டின் இறுகத்தானே செய்யும். பழக்க தோஷத்துல உள்ளங்கையில வெச்சு மூடினேன். உன் ஜெலட்டின் இளகும், என் எலாஸ்டின் வெளுக்கும், கைச் சூட்டுல அது ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டுப் பால் மாதிரி ஆகும். ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். நீயும்தான் பார்த்திருக்கே.

இளகிச்சு. வெளுக்கல. கையை மாத்தினேன். அக்குள்ல வெச்சுப் பார்த்தேன். வெந்நீர்ல வெச்சேன். தேன் மாதிரி தெளிவா நின்னுச்சு, குப்பிக்குப் பின்னாடி என் விரல் ரேகை தெரியுது. இந்த லேப்ல இருக்கற எல்லா மெஷின்லயும் போட்டுப் பார்த்தேன். ஒரு துளி இல்ல. ஒரு மணிகூட இல்ல. வெறும் ஜெலட்டினும் கடற்பாசியும்தான்.

என் தம்பி கையில என்னோடது எதுவுமே போகல.

எட்டு மாசம்டி. எட்டு மாசமா நான் என்னை நானே தின்னுக்கிட்டு இருக்கேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல உன் மடியில தலை வெச்சு, என் கையாலேயே அவனைக் கெடுத்துட்டேனேன்னு அழுதேனே. நீ என் முதுகைத் தடவிக் குடுத்தே. அந்தக் கையை நினைச்சா எனக்கு இப்போ உடம்பு கூசுது. அன்னிக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அறிக்கையில எலாஸ்டின் தோத்துதுன்னு எழுதினாங்க. இல்லாத பொருள் எப்படித் தோக்கும்? அதைப் படிச்சுட்டு நீயும் கையெழுத்துப் போட்டிருக்கே. ரெண்டாவது பக்கத்துல, என் கையெழுத்துக்குக் கீழேயே.

ஃப்ரீசர் பழுதுன்னு என் காதுல பூ சுத்தினே. யாரோ ஒருத்தி பண்ணியிருந்தா வெறும் திருட்டுத்தனம்னு விட்டுடுவேன். பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு, இவளைவிட நல்லவ கிடைக்க மாட்டான்னு அம்மாகிட்ட சண்டை போட்டு உன்னை எங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தவ நான்.

ஏன் பண்ணினே? சப்பைக்கட்டு கட்டாம எழுது.


மார்ச் 24

ரப்பரு,

அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கான்னு தெரியல. வேற எப்படியும் கூப்பிட வரல.

நீ மேடைக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலையில கலந்தேன். உன் எலாஸ்டின், என் சரக்கு, எல்லாம் அளவா. வெளிய விடறதுக்கு முன்னாடி பாக்டீரியாவோட எச்சம் ஏதாவது தங்கியிருக்கான்னு ஒரு சோதனை பண்ணுவோமே, அது பண்ணினேன். எச்சம் இருக்குன்னு காட்டுச்சு. கொஞ்சநஞ்சம் இல்ல, ஏகத்துக்கும். திரும்பப் பண்ணினேன், அதே. அதை வெந்த புண்ணுல வெச்சா காய்ச்சல் வரும், ரத்தம் கெடும். ஆபரேஷன் மேஜையில படுத்திருக்கறது என் புருஷன். டாக்டர்கிட்ட சொன்னா அந்த நிமிஷமே எல்லாத்தையும் நிறுத்திடுவார், வெறும் தோலை ஒட்டிட்டு அனுப்பிடுவார். பாதி ஜெல்லாவது இருக்கட்டுமேன்னு தோணுச்சு. கலந்ததோட உன்னோடதையும் கழுவற தொட்டியில ஊத்திட்டு, குறைஞ்ச எடைக்கு ஜெலட்டினைக் கூட்டிப் போட்டு மறுபடி கலந்தேன். மறுபடி சோதிச்சுப் பார்க்க நேரம் இல்ல.

நீ ஊர்ல இருந்து வந்ததும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். நீ வந்த அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தே. உன் எலாஸ்டின்ல எச்சம் இருந்துச்சுன்னு சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் கட்டுப் பிரிச்சாங்க. கை சுருங்க ஆரம்பிச்சுது. அறிக்கை வந்துச்சு. ஒவ்வொரு நாள் தள்ளினதும் மறுநாளைக்கு வாயைத் திறக்கறது இன்னும் கஷ்டமாயிடுச்சு. அந்த வராந்தாவுல நீ அழுதப்போ என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா உன்னையும் இழந்துடுவேன், அவரையும் இழந்துடுவேன்னு பயம்.

சப்பைக்கட்டு வேண்டாம்னு சொன்னியே, அதனால மிச்சத்தையும் எழுதிடறேன். நீ அந்த மேடையில பேசினதை எனக்கு போன்ல பதிவு பண்ணி அனுப்பினே. எலாஸ்டின்தான் இதுல உயிர், மத்ததெல்லாம் அதை வெச்சிருக்கற பாத்திரம்னு சொன்னே. கைதட்டினாங்க. நான் அதைக் கேட்டுக்கிட்டேதான் கலந்தேன். பத்து வருஷம் கடற்பாசியை அலசி அலசி என் நகமெல்லாம் போச்சு, உன் கண்ணுக்கு நான் பாகு காய்ச்சறவ. உன்னோடதைத் தொட்டியில ஊத்தினப்போ பயம்தான் பெருசா இருந்துச்சு. ஆனா கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், பாத்திரம் மட்டும் போதும்னு ஆயிட்டா எப்படி இருக்கும்னு ஒரு எண்ணமும் இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல.

எலாஸ்டின் கலந்த குப்பி அதே தட்டுல நாலு இருந்துச்சு. அதுல ஒண்ணை அனுப்பியிருக்கலாம், உனக்குத் தெரிஞ்சே இருக்காது. முதல்ல அதைத்தான் எடுத்தேன். அப்புறம் திரும்ப வெச்சுட்டேன். நீ கையில வெச்சுப் பார்ப்பேன்னு எனக்குத் தெரியும்.

பாகு


ஏப்ரல் 6

உன் கடிதம் வந்த அன்னிக்கே சோதனையைப் பண்ணிப் பார்த்தேன். அன்னிக்கு உனக்குக் குடுத்த அதே எலாஸ்டின்ல மிச்சம் என்கிட்ட கொஞ்சம் இருந்துச்சு. அதைத் தனியா வெச்சுப் பார்த்தேன். சுத்தம். அப்புறம் உன் கடற்பாசியைத் தனியா வெச்சுப் பார்த்தேன், வரும்போது ஒரு பொட்டலம் தூக்கிட்டு வந்திருந்தேன். ஏகத்துக்கும் காட்டுச்சு. அதுல இருக்கற ஒரு வகைச் சர்க்கரை இந்தச் சோதனையை ஏமாத்தும், பாக்டீரியா எச்சம் மாதிரியே காட்டும். பாக்டீரியாவோட மல்லுக்கட்டற எங்களுக்கு இது முதல் வருஷமே தெரியும். கலந்த பிறகு பார்க்கக் கூடாது, தனித்தனியாப் பார்க்கணும். எப்பவும் அந்தச் சோதனையை நான்தானே பண்ணுவேன். அன்னிக்கு ஒருநாள்தான் நான் இல்ல.

நீ தொட்டியில ஊத்தினது நல்ல சரக்கு. ஒரு போன் பண்ணியிருந்தா எங்க இருந்தாலும் ஒரே வரியில சொல்லியிருப்பேன். என் தம்பி இன்னிக்கு வலது கையால ரொட்டி எடுத்துட்டு இருப்பான். இதை உன்னை அழ வைக்கறதுக்கு எழுதல. தெரியாம இருக்கறது எவ்வளவு கொடுமைன்னு நான் எட்டு மாசம் பார்த்துட்டேன், அதனால எழுதறேன்.

மேடையில நான் பேசினது தப்புதான். பாத்திரம்னு சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேர் முன்னாடி என்னைக் கிழிச்சிருந்தா நான் தலை குனிஞ்சு நின்னிருப்பேன். அதுக்குப் பதிலா அவன் கையில காட்டினே. சரியான குப்பியைத்தான் அனுப்பினேன்னு எழுதியிருக்கே. அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?

போன ஞாயித்துக்கிழமை அவன் இங்க வந்தான். சொல்லாம கொள்ளாம, கக்கத்துல ஒரு ரொட்டியோட. உன்கிட்ட சொல்லிட்டு வந்தானா இல்லையான்னு நான் கேட்கல. கதவைத் திறந்ததும் கட்டிக்கிட்டான். இடது கை என் முதுகுக்கு வந்துச்சு. வலது கை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மடங்கியே இருந்துச்சு.

உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். உன் கையில அக்காவோடது எதுவும் இல்லடா, நான் உன்னைக் கெடுக்கலடான்னு. குதிப்பான்னு நினைச்சேன், உன்னைத் திட்டுவான்னு நினைச்சேன், நான் தடுக்கணுமோன்னுகூட யோசிச்சேன். அவன் மேஜையையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

"தெரியும்க்கா"ன்னான்.

கட்டுப் பிரிச்ச அன்னிக்கு ராத்திரியே நீ அழுதுகிட்டே சொல்லிட்டியாம். அக்காகிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னது அவன்தானாம். சொன்னா நான் உன்னைச் சும்மா விட மாட்டேன், லேப்ல இருந்து துரத்தி விட்டுடுவேன், குடும்பம் ரெண்டா போயிடும்னு பயந்தானாம். அக்கா எதையும் தாங்கிக்குவான்னு நினைச்சானாம். உன் கடிதத்துல இது இல்ல. அவனைக் காப்பாத்தறதுக்காக விட்டிருப்பே, புரியுது. வீட்டுக்கு வந்தா அவன் பிரிச்சுப் படிச்சுடுவான்னு பயந்து நான் லேப்புக்கு எழுதிட்டு இருந்தேன் பார், என்னை எதுல சேர்க்கறது?

"அவளை நான் விட்டுடுவேன்னு பயந்தீங்க. என்னை விட்டுட்டீங்களேடா, ரெண்டு பேரும்"னேன். அவன் எழுந்து கத்தி எடுத்து ரொட்டியை அறுத்தான், இடது கையால, கோணல் கோணலா. நான் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

டாக்டருக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன், நடந்தது நடந்தபடி. அறிக்கையைத் திருத்துவார். உன்னை அந்த பெஞ்ச்ல இருந்து எடுத்துடுவார்னு நினைக்கறேன். வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா இந்த ஒரு ஆபரேஷனுக்கு நீதான் கலக்கணும்னு கேட்டிருக்கேன், டாக்டர் பக்கத்துலயே நிப்பார். உன் மெத்தை மாதிரி வேற யாருக்கும் வராது. இதைப் பாத்திரம்னு சொன்ன வாயாலேயே சொல்றேன்.

இதோட ஐஸ் பெட்டியில ரெண்டு குப்பி எலாஸ்டின் வருது. புதுசு. தனியா வெச்சு மூணு தடவை சோதிச்சது. கலந்து முடிச்சதும் ஒரு குப்பி எடுத்து அவன் கட்டிலுக்குக் கொண்டு போ. அவன் முன்னாடி நின்னு உன் உள்ளங்கையில வெச்சு மூடு. வெளுத்ததும் அவன்கிட்ட காட்டு. அவன் பார்த்த பிறகு உள்ள கொண்டு போகட்டும். நான் வர மாட்டேன்.

கை நீண்டுச்சுன்னா டாக்டர் எனக்குச் சொல்லுவார். நீங்க ரெண்டு பேரும் எழுத வேண்டாம். எப்பவாவது எழுதித்தான் ஆகணும்னா அண்ணின்னு எழுது, ஊருக்கு முன்னாடி கூப்பிடற மாதிரி.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரரோட அக்கா